சல்லாத் துணி நியாயம்

டீச்சர் காலையில் வாசல் கதவைத் திறந்தபோது அவருடைய காரின் முன்சக்கரத்தை ஒரு மஞ்சள் இரும்பு கவ்விக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்: ‘இந்த வாகனம் சமநீதி முறைப்படி பூட்டப்பட்டுள்ளது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’ டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். தாம் எப்போது ஒத்துழைத்தோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஹாரன் அடிப்பதே அடுத்தவரைத் திட்டுவதற்குச் சமம் என்று நினைக்கிற ரகம். பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் நகருவார். பின்னால் நிற்கிறவர்கள் வாய்க்கு வந்தபடி வாழ்த்துவார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். புதிதாகப் படிக்க வருகிறவர் கை நடுங்கினால் அந்தக் கையைப் பிடித்து கியர்மேல் வைத்து, “பயப்படாதீங்க, மெதுவா” என்பார். அவருடைய பாடம் மொத்தமும் இந்த இரண்டு வார்த்தைதான். அப்பேர்ப்பட்டவர் காருக்குப் பூட்டு விழுந்தால் தெரு சும்மா இருக்குமா? ஆளாளுக்கு வந்து பார்த்து, த்சொ த்சொ என்று உச்சுக்கொட்டிவிட்டு, தங்கள் வண்டிச் சக்கரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போனார்கள்.

பூட்டு மாட்டுகிற ஊழியர் தெருக்கோடியில் இன்னொரு குட்டிக் காரின் கீழே குந்தியிருந்தார். டீச்சர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் விஷயம் என்ன என்று கேட்டார். கட்டாத அபராதம் ஒன்று இருக்கிறது என்றார் அவர். எப்போது, எதற்கு என்று துருவினபோது விஷயம் வெளியே வந்தது. போன வருஷம் முடிதிருத்துகிறவர் ஒருவர் கார் படிக்க வந்தார். கத்தி பிடித்தால் ஆடாத கை, ஸ்டியரிங் பிடித்தால் தந்தி அடிக்கும். சிக்னலில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி அரைச் சக்கரம் போய் வண்டி நின்றுவிட்டது. கேமரா அதைப் படம் பிடித்துவிட்டது.

நோட்டீஸ் எதுவும் வரவில்லையே என்றார் டீச்சர். வந்திருக்காது என்றார் ஊழியர், பொறுமையாக. முகவரியைப் பார்த்தால் ஆள் எந்தப் பேட்டை, பணக்காரனா ஏழையா என்பது தெரிந்துபோகும், பாரபட்சம் வந்துவிடும்; ஆகையால் சமநீதி முறையில் நோட்டீஸ்கள் முகவரி எழுதாமல்தான் தபாலில் போடப்படுகின்றன. அவை எங்கே போய்ச் சேருகின்றன என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

எதிரே ஒரு வண்டி நின்றது. யானைக்குட்டி உயரம், கறுப்புக் கண்ணாடி. அதன்மேல் இருக்கிற அபராதச் சீட்டுகளை ஒட்டினால் வண்டியே தெரியாது என்று தெருவுக்கே தெரியும். அதன் சக்கரம் மட்டும் சுதந்திரமாக இருந்தது. டீச்சர் அதைப் பார்த்ததை ஊழியரும் பார்த்தார்.

“பெரிய சக்கரத்துக்கு இந்தப் பூட்டு பத்தாதும்மா. நாங்களும் முக்கிப் பாத்தோம்.”

“அப்ப அவங்களுக்குப் பூட்டே கிடையாதா?”

“ஏன் கிடையாது? அவங்களுக்கும் இதே பூட்டுதான். தனியாப் பெரிய பூட்டு வாங்கினா அது பாரபட்சம் ஆயிடுமே.”

இந்த இடத்தில் இந்தப் பூட்டை மாட்டுகிற பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்த நகரத்தில் அபராதம் என்பது ரொம்ப காலமாகச் சின்ன வண்டிக்காரர்களின் சொத்தாக இருந்தது. பெரிய வண்டிக்காரர்களிடம் கேட்க யாருக்கும் வாய் வராது. பத்திரிகைகள் கிழி கிழி என்று கிழித்ததும், மேலிடத்துக்கு ரோஷம் வந்து ‘சமநீதி வசூல் பிரிவு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு ஒரு தலைவரை நியமித்தார்கள். அவர் முதல் நாளே ஒரு முடிவு எடுத்தார். ஆளைப் பார்ப்பதால்தானே பாரபட்சம் வருகிறது? இனி இந்தப் பிரிவில் யாரும் யாரையும் பார்க்கப்போவதில்லை என்றார். அலுவலர் அத்தனை பேருக்கும் கறுப்புத் துணியில் கண்கட்டு தைக்கச் சொல்லி உத்தரவு போனது.

டீச்சருக்கு இதெல்லாம் பெரிய கவலை இல்லை. அவருடைய கவலை வீட்டுக்குள் தையல் மிஷின்முன் உட்கார்ந்திருந்தது. அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால் ஒன்றுவிட்டு ஒரு நாள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரத்தோடு பிணைந்து படுத்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். ஒரு நாள் தப்பினால் உடம்பில் நீர் ஏறி, படுத்தால் மூச்சு முட்டும். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் இயந்திரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, வரிசையில் நிற்பது அத்தனையும் உயிர். கார் ஓடினால்தான் பாடம், பாடம் ஓடினால்தான் வாடகைக் காருக்குக் கூடக் காசு. எல்லாவற்றையும்விட, கார் ஓடினால்தான் அந்த மனிதர் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்.

அன்றைக்கு வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். அதற்கடுத்த முறை பஸ்ஸில் போனார்கள், இரண்டு பஸ் மாறி. திரும்பி வரும்போது தையல்காரர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, முகம் வெளுத்து, “நல்ல காத்து” என்றார். காற்றே இல்லை. டீச்சர் பர்சைத் திறந்து சில்லறை தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அபராதத் தொகையை எண்ணி ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு டீச்சர் அந்தப் பிரிவுக்குப் போனார். கொடுத்துவிட்டால் பூட்டைக் கழற்றிவிடப் போகிறார்கள், இதில் என்ன கம்பசூத்திரம் என்பது அவருடைய எண்ணம்.

பழைய கட்டிடம், மாடி. படி ஏறியதும் நீளமான கூடம். வரிசையாக மேசைகள், மேசைக்குப் பின்னால் கண்ணைக் கட்டிய அலுவலர்கள். கறுப்புத் துணியின் ஓரத்தில் மஞ்சள் நூல் தையல், பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஒவ்வொருவர் பக்கத்திலும் கண் திறந்த ஆள் ஒருவர் நின்றார். அவருக்கு எடுத்துரைப்பாளர் என்று பெயர். வந்திருப்பவரைப் பற்றி அலுவலருக்கு எடுத்துச் சொல்வது அவர் வேலை. ஆனால் ஆணா பெண்ணா, வயது என்ன, உடுப்பு எப்படி என்று எதையும் சொல்லக்கூடாது, சொன்னால் பாரபட்சம். ஆகவே அவர் நாள் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒரு நபர் நிக்கிறார் சார்.”

முறை வருவதற்குப் பானை வைத்திருந்தார்கள். எல்லோருடைய எண்ணையும் பானையில் போட்டு, கண்ணைக் கட்டிய அலுவலர் ஒருவர் கைவிட்டு எடுப்பார். முதல் சீட்டு, இரண்டாவது சீட்டு என்று எடுத்ததெல்லாம் இஸ்திரி கலையாத சட்டைக்காரர்களுக்கே விழுந்தது. தண்ணீர் கேன் போடுகிற ஒருவர் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் வண்டிக்கும் பூட்டுதான். தான் ஒரு வாரமாக வருவதாகவும், பானைக்குத் தன்மேல் ஏதோ பகை என்றும் சொன்னார்.

அப்போது கமகமவென்று சென்ட் வாசனையோடு ஒருத்தர் உள்ளே வந்தார். தெருவில் நின்ற அந்த யானைக்குட்டி வண்டிக்குச் சொந்தக்காரர். எடுத்துரைப்பாளர் வாய் திறக்கவே இல்லை. மேசைக்குப் பின்னால் கண்ணைக் கட்டிய அலுவலர் எழுந்து நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டு, “வாங்க சார்” என்றார். பூட்டே மாட்ட முடியாத வண்டிக்கு அபராதம் எதற்கு, வீணாக அலையவேண்டாம் என்று வருத்தப்பட்டு அனுப்பிவைத்தார். துணியைத் தாண்டி எப்படித் தெரிந்தது என்று டீச்சர் யோசித்தார். வாசனையாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். நல்ல மனசு.

சாயங்காலம் டீச்சர் முறை வந்தது. உறையை நீட்டினார். “ஒரு நபர் பணம் நீட்டுறார் சார்” என்றார் எடுத்துரைப்பாளர். அலுவலர் முகம் வாடிவிட்டது. பணம் கையில் இருப்பவருக்கு உடனே பூட்டைக் கழற்றினால், பணம் இல்லாதவர் மனது என்ன பாடுபடும் என்று கேட்டார். உடனே கட்டுவது என்பதே ஒரு சலுகை. அதை இந்தப் பிரிவு அனுமதிப்பதில்லை. எல்லோரும் ஒரே அளவு காத்திருக்கவேண்டும், பிறகு விசாரணை, பிறகு உத்தரவு, அதற்குப் பிறகுதான் பணம். ஆஸ்பத்திரி விஷயத்தை டீச்சர் சொல்ல ஆரம்பித்ததும் அலுவலர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கஷ்டத்தைக் கேட்டால் மனசு இளகிவிடுமாம்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல வீட்டுக்கு வந்து சேர்ந்தார் டீச்சர். நடந்ததையெல்லாம் சொன்னார். தையல்காரர் கேட்டுக்கொண்டே வந்து, கண்கட்டு என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர், மூச்சு வாங்குகிற வரைக்கும் சிரித்தார்.

“மஞ்சள் நூல்ல ஓரம் தைச்சிருந்துச்சா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் தைச்சதும்மா அது. கான்ட்ராக்ட்காரர் எங்கிட்டதான் குடுத்தாரு. சல்லாத் துணி. அதைக் கட்டிக்கிட்டு ஊசியில நூல் கோக்கலாம்.”

முதலில் தடித்த துணியில்தான் ஒரு மாதிரி தைத்து அனுப்பினாராம். தலைவர் அதைக் கட்டிப் பார்த்து, நேராகக் கதவில் போய் முட்டிக்கொண்டாராம். துணியில் காற்றோட்டம் போதவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு மெல்லிசு, அதைவிட மெல்லிசு என்று இறங்கி இறங்கி, கடைசியில் சல்லாத் துணியில் வந்து நின்றது. அது ரொம்ப நன்றாக இருப்பதாகத் தலைவர் பாராட்டினாராம்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் காதைப் பொத்திய அந்த அலுவலர், தம்முடைய முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பொத்தியிருக்கிறார். அது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நடந்தது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. பூட்டிய கார் தெருவில் நகராமல் நிற்பதால், ஒரே இடத்தில் நிறுத்தி வைத்ததற்குத் தினமும் தனி அபராதம் ஏறியது. காரை நகர்த்தப் பூட்டைக் கழற்றுங்கள் என்று மனு கொடுத்தார். மனு கொடுக்க வாகனத்தோடு நேரில் வரவேண்டும் என்று பதில் வந்தது. பூட்டிய வாகனத்தை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டு இன்னொரு மனு கொடுத்தார். அதற்கும் வாகனத்தோடு வரவேண்டும் என்றார்கள். படிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு பள்ளிக்குப் போனார்கள். முடிதிருத்துகிறவர் மட்டும் தன்னால் வந்த வினை என்று வீட்டுக்கே வந்து தையல்காரருக்கு இலவசமாகச் சவரம் செய்துவிட்டுப் போனார். அவர் கொண்டுவந்த சைக்கிளுக்கும் பூட்டு மாட்டுவார்களோ என்று வாசலை எட்டி எட்டிப் பார்த்தார்.

ஒருவழியாக விசாரணைக்கு நாள் வந்தது. கார் தையல்காரர் பெயரில் இருந்தது. அவர் தைத்துச் சேர்த்த காசில் வாங்கியது. ஆகவே அவரும் வரவேண்டும். அந்த நாள் சரியாக ஆஸ்பத்திரி நாள். காலையில் விசாரணை, மத்தியானம் இயந்திரம். நாளை மாற்றித் தரச்சொல்லி டீச்சர் கையைக் காலைப் பிடித்துப் பார்த்தார். ஒருவருக்கு மாற்றினால் ஊருக்கே மாற்றவேண்டி வரும் என்றார்கள். வேண்டாம், விடுங்கள், கார் போனால் போகட்டும் என்று டீச்சர் சொன்னார். தையல்காரர் கேட்கவில்லை.

“எத்தனை நாளைக்கு நீ என்னைத் தோள்ல சாச்சு பஸ்ல கூட்டிட்டுப் போவ? காலைலதானே, முடிச்சிட்டுப் போயிடலாம்.”

படி ஏறும்போதே அவருக்கு இளைத்தது. ஒவ்வொரு படியிலும் நின்று, சுவரில் இருந்த சமநீதி வாசகங்களைப் படிப்பதுபோலப் பாவனை பண்ணினார். டீச்சரும் படித்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது பானைச் சீட்டு எடுத்தாகிவிட்டது. அவர்கள் எண் கடைசிக்கு முந்தினது.

அன்றைக்குத் தலைவரே விசாரணை நடத்தினார். உட்காருமுன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார். பேச்சில்லாமல் அவர் எதையும் தொடங்குவதில்லை.

“நகர மக்களே. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று எங்களைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு எங்களிடம் வெண்ணெயும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஏனென்றால் கண்ணே இல்லை. உங்கள் கஷ்டத்தை நாங்கள் பார்ப்பதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஏழையின் கஷ்டத்தையும் பார்ப்பதில்லை, பணக்காரரின் கஷ்டத்தையும் பார்ப்பதில்லை. பணக்காரருக்குக் கஷ்டம் இல்லாமல் போனது எங்கள் குற்றம் அல்ல.”

அலுவலர்கள் கை தட்டினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில், அவர் கையைத் தூக்கிய அதே நொடியில் தட்டினார்கள்.

மத்தியானம் நெருங்கியது. தையல்காரரின் கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தது. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. போய்விடலாம் வாங்க என்று டீச்சர் எழுந்தபோதுதான் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். தலைவரின் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் டீச்சர் தையல்காரரை உட்காரவைத்தார். அவருக்கும் தலைவருக்கும் நடுவில் ஒரு மேசை, அதற்குமேல் ஒரு சல்லாத் துணி. அவ்வளவுதான் தூரம்.

தலைவர் மனுவைப் படிக்கச் சொன்னார். எடுத்துரைப்பாளர் படித்துக்கொண்டிருந்தபோது தையல்காரர் வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தார். உதடு நீலம் பாரித்தது. அப்படியே முன்னால் சரிந்து, மேசையின் கீழே, தலைவரின் காலடியில் விழுந்தார். டீச்சர் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

கூடத்தில் இருந்த அத்தனை கறுப்புத் துணிகளும் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தன. ஒருவரும் அசையவில்லை. அசைந்தால், தெரிகிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தலைவர் மட்டும் தம்முடைய பளபளப்பான ஷூக்களை மெல்ல, தையல்காரரின் கைமேல் படாதபடி, உள்ளே இழுத்துக்கொண்டார்.

எடுத்துரைப்பாளர் மேசையின் கீழே எட்டிப் பார்த்தார். “சார், நாற்காலியில இருந்த நபர் இப்ப கீழ இருக்கார் சார்.”

“அது மனுவில் இருக்கிறதா?” என்று கேட்டார் தலைவர்.

“இல்லீங்க சார்.”

“மனுவில் இருப்பதை மட்டும் படியுங்கள்.”

தண்ணீர் கேன்காரர்தான் முதலில் ஓடிவந்தார். பின்னால் இன்னும் சிலர். தூக்கிக்கொண்டு படியிறங்கி வாசலுக்கு வந்தார்கள். வந்த பிறகுதான் உறைத்தது, தூக்கியவர்கள் அத்தனை பேர் வண்டிக்கும் பூட்டு. சென்ட்காரரின் வண்டி மட்டும் வாசலில் நின்றிருந்தது. அதில் ஆள் இல்லை. நடுரோட்டில் போய் டீச்சர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாகப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்தார். ஒரு பஸ் நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார், ஏற்றுங்கள் என்றார், வழித்தடத்தை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். பயணிகள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, டீச்சர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதியாக இளைத்து, வீட்டுக்கு வந்தார் தையல்காரர்.

இந்தச் சம்பவத்தைப் பிரிவு லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குழு ஒன்று போட்டு ஆராய்ந்தார்கள். குழு குறையைக் கண்டுபிடித்தது: விசாரணைக் கூடத்தில் அலுவலர்களுக்குக் கண் தெரிவதில்லை, ஆனால் மக்களுக்குத் தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் தெரிவது சமநீதி ஆகுமா? மக்கள் பார்த்ததால்தான் வரிசையைக் கலைத்து ஓடினார்கள், ஒழுங்கு கெட்டது. ஆகவே இனி உள்ளே வருகிற பொதுமக்களும் கண்ணைக் கட்டிக்கொள்ளவேண்டும்.

கான்ட்ராக்ட்காரர் இரண்டு கட்டுத் துணியோடு வீட்டுக்கு வந்தார். இரண்டும் கறுப்பு. அலுவலர்களுக்குப் பழசு நைந்துவிட்டதால் புதிதாகச் சல்லாத் துணியில், மஞ்சள் நூல் ஓரம் வைத்துத் தைக்கவேண்டும். பொதுமக்களுக்குத் தடித் துணியில், ஓரம் வேண்டாம். தையல்காரருக்கு உடம்பு சரியில்லை என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். அதனால் மெதுவாகத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் போதும் என்றார்.

அவர் போன பிறகு தையல்காரர் தடித் துணியை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

“நல்ல துணிம்மா. ஒண்ணுமே தெரியல.”

டீச்சர் அதை வாங்கித் தம் கண்ணிலும் வைத்துக்கொண்டார். இருட்டு. தெருவில் யாரோ வாளி இழுக்கும் சத்தம், மிஷின் பக்கத்தில் தம் வீட்டுக்காரர் கஷ்டப்பட்டு மூச்சு இழுக்கும் சத்தம், எல்லாம் பக்கத்தில் வந்து கேட்டன.

“இதை அன்னைக்கு அவங்க கட்டியிருக்கணுங்க. நிஜமாவே கண்ணு தெரியாம இருந்திருந்தா, நீங்க விழுந்த சத்தமாவது காதுல விழுந்திருக்கும்.”

தையல்காரர் மிஷின்முன் உட்கார்ந்தார். மிஷினில் மஞ்சள் நூலைக் கோத்தார். பிறகு சல்லாத் துணியை ஒதுக்கி வைத்துவிட்டு, தடித் துணியை இழுத்து ஊசிக்குக் கீழே வைத்தார். டீச்சர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்ததை ஒவ்வொன்றாக வாங்கி மடித்தார்.

திங்கட்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. வாசலில் ஓரமில்லாத கறுப்புத் துணியை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். எடுத்துரைப்பாளர்கள்கூட விதிவிலக்கில்லை. மக்கள் பயந்துகொண்டே கட்டினார்கள். கட்டிய பிறகு மூச்சு விடாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் தெரிந்தது. தண்ணீர் கேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் தலையசைத்ததும் மூடிக்கொண்டார்.

மேசைகளில் மஞ்சள் ஓரம் வைத்த புதுத் துணிகள் இருந்தன. தலைவர் கம்பீரமாக எடுத்துக் கட்டினார். கட்டியதும் அவர் முகம் மாறியது. கை மேசைமேல் தடவிக்கொண்டே போய்த் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது. மற்ற மேசைகளிலும் கைகள் தடவிக்கொண்டிருந்தன. ஒருவர் எழுந்து, நாற்காலி இருந்த இடம் என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்தார், ஒன்றும் நடக்காததுபோல அங்கேயே இருந்துவிட்டார். துணி சரியில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? இன்றைக்குத் தெரியவில்லை என்றால், நேற்றுவரை தெரிந்தது என்று ஆகிவிடுமே.

தலைவர் ஒலிபெருக்கியைத் தேடிப் பிடித்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, இன்று நாம் அனைவரும் சமம் என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. பானைக்குள் விட்ட கை முதல்முறையாக உண்மையிலேயே துழாவியது. சென்ட்காரரும் வந்திருந்தார், வாசனை வந்த திசையைப் பார்த்து அலுவலர் எழுந்து “வாங்க சார்” என்று நாற்காலியை நகர்த்த, அது தண்ணீர் கேன்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மறுக்காமல் உட்கார்ந்தார்.

டீச்சர் எண் வந்தது. எடுத்துரைப்பாளர் பழக்கதோஷத்தில், ஒரு நபர் நிற்கிறார் என்றார். தலைவர் முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினார். அவர் குரலில் பழைய வெண்கலம் இல்லை.

“யாரும்மா அது?”

“அன்னைக்கு உங்க காலடியில ஒருத்தர் விழுந்தாருங்க. அவர் கை பட்டுடப் போகுதுன்னு நீங்ககூட ஷூவை உள்ள இழுத்துக்கிட்டீங்க. அவரோட வீட்டுக்காரிங்க நான்.”

தலைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பார்க்கவில்லை என்றால் காலை இழுத்தது ஏன்? பார்த்தேன் என்றால் அதற்கப்புறம் எதைக் கட்டிக்கொண்டு இந்த நாற்காலியில் உட்காருவது? அவர் முத்திரையைத் தேடினார். கை மைப்பெட்டியில் பட்டது, தாளில் பட்டது, மேசை விளிம்பில் போய் நின்று நடுங்கியது.

மேசைமேல் கிடந்த தாள்களிலிருந்து பூட்டைக் கழற்றும் உத்தரவை டீச்சர் எடுத்து அவர் முன்னால் வைத்தார். இத்தனை நாளும் இந்தக் கையைத்தான் மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாம் பிடித்துக்கொண்டிருந்த கையைப் போலவே அதுவும் சில்லிட்டு, ஒடுங்கி, பிடிமானம் தேடியது. ஜெயித்த மாதிரி அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கையைப் பிடித்து முத்திரையின்மேல் கொண்டுபோய் வைத்தார்.

“பயப்படாதீங்க. மெதுவா.”

முத்திரை விழுந்தது. டீச்சர் தாளை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். வாசலில் திரும்பிப் பார்த்தார். மேசைகளுக்குப் பின்னால் ஒருவரும் கண்கட்டை அவிழ்க்கவில்லை. தண்ணீர் கேன்காரர் நாற்காலியை விட்டு எழுந்து போய், தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.